ஆறாவது ரவுண்டு போஸ்டர்

ராயபுரத்து பாக்சிங் சாம்பியன் எட்வர்டுக்குக் கையைவிட வாய்தான் நீளம். பட்டத்துக்காக அவனோடு மோத வந்த திரவியமோ போஸ்டர் ஒட்டிப் பிழைக்கிறவன். அவன் முன்னாலேயே ஒரு கட்டு போஸ்டரைத் தூக்கிப் போட்டான் எட்வர்டு. ‘திரவியத்தை ஆறாவது ரவுண்டில் சாய்ப்பேன்!’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“ஊரெல்லாம் நீயே ஒட்டுடா.”

“ஒட்டறேண்ணே. ஆனா நான் நோஞ்சான். முதல் ரவுண்டுலயே விழுந்துட்டா உங்க பேச்சு பொய்யாயிடுமே?”

“விழ விடமாட்டேன். நான் சொன்னா சொன்னதுதான்!”

திரவியம் ஒரு சுவர் விடாமல் ஒட்டினான். எட்வர்டு வீட்டு வாசலில் மட்டும் இரண்டு.

சண்டை மொத்தமே ஆறு ரவுண்டு. போஸ்டர் பொய்யாகக் கூடாதே என்று ஐந்து ரவுண்டும் எட்வர்டு பூப்போலத் தட்டினான். திரவியம் அவன் மூஞ்சியிலேயே குத்திப் புள்ளிகளை அள்ளினான். ஆறாவதில் எட்வர்டு வெறிகொண்டு பாய்ந்தபோது, திரவியம் திருப்பிக் குத்தாமல் மேடையைச் சுற்றி ஓடியே நேரத்தைத் தீர்த்தான். மணி அடித்தது. நடுவர் திரவியத்தின் கையைத் தூக்கினார்.

“டேய், மறுபடி வாடா! இந்தத் தடவை மூணாவது ரவுண்டுலயே சாய்க்கறேன்!” என்று கத்தினான் எட்வர்டு.

“வரேண்ணே. போஸ்டர் அடிச்சுக் குடுங்க, ஒட்டிடறேன்.”