குருவியின் கழுத்தில் வளையல் கோடு வந்த கதை

அந்தக் காலத்தில், குருவியும் மனிதரும் ஒரே மொழி பேசிக்கொண்டிருந்தபோது, வயிற்றில் பிள்ளை இருக்கும் வீட்டில் யாரும் சத்தம் போட மாட்டார்கள். உள்ளே இருப்பது தூங்குகிறது, தூக்கம் கலைந்தால் ஆகாது என்று நம்பினார்கள். கதவுக்கு எண்ணெய் விட்டு வைப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சி வாய்விட்டுப் பேசக் கூடாது. எதுவானாலும் கிசுகிசுப்புதான்.

வளையல் விற்கும் வள்ளிமுத்துவின் வீட்டில் இது பெரும்பாடாக இருந்தது. வீடு முழுக்கக் கண்ணாடி வளையல். அவன் மனைவி வெயிலாச்சி உண்டானதும், அவனுடைய அம்மா சொர்ணத்தம்மாள் வளையல்களுக்கு நடுவே வைக்கோலைத் திணித்துக் கூடைகளில் இறுக்கி அடுக்கிவிட்டாள். வள்ளிமுத்து ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் "வளையல், வளையலேய்" என்று கூவத் தொடங்குவான்.

அந்தக் கோடையில் அவர்கள் வீட்டுக்கு ஒரு குருவி ஜோடி வந்தது. சிட்டுக்குருவியில் பாதிதான் இருக்கும். மூக்கு நல்ல சிவப்பு. ஆணுக்குக் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. இன்று ஃபின்ச் என்று கேட்டு வாங்கிக் கூண்டில் வளர்க்கிறோமே, அவற்றின் முன்னோர் அவை. ஆனால் அன்று அவற்றின் கழுத்தில் ஒரு கோடும் கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வெறும் சாம்பல் கழுத்து.

தண்ணீர்ப் பானையின் நிழலில் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கின. வெயிலாச்சிக்கு ஆசை தாங்கவில்லை. சட்டென்று குனிந்து ஆண் குருவியைக் கைக்குள் பொத்தி எடுத்தாள். அதன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"விடு தாயி, விடு! செத்துடுவாரு!" என்று பெண் குருவி கத்தியது.

வெயிலாச்சி பதறிப்போய் அதைத் தரையில் வைத்தாள். "ஆசையாத்தான் பிடிச்சேன்" என்று கிசுகிசுத்தாள்.

"உன் ஆசை அவருக்கு மூச்சு முட்டுதே. ஒரு மலை ஓடிவந்து உன்னை ஆசையாக் கட்டிப்பிடிச்சா எப்படி இருக்கும்?"

வெயிலாச்சி சுவரோரமாகத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்து ஆண் குருவி ஒரு கண்ணைத் திறந்து, "மலை போயிடுச்சா?" என்று கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போது கண்ணீரும் வந்தது.

அதற்குப் பிறகு அவள் கையை நீட்டவே இல்லை. தினையைத் தூவிவிட்டு அதே சுவரோரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். குளிப்பதற்கு ஒரு தட்டில் தண்ணீர் வைத்தாள். முட்டை ஓடு கெட்டியாக இருக்கட்டும் என்று கிளிஞ்சலைப் பொடித்துப் போட்டாள். எப்படியும் பேசக் கூடாதவள், ஆடாமல் இருக்க வேண்டியவள். அந்தக் குருவிகளுக்கு அவளைவிட நல்ல துணை கிடைத்திருக்காது. நாள் போகப் போக அவை பக்கத்தில் வந்தன. பிறகு அவள் கால்விரலுக்கு அருகிலேயே தினை பொறுக்கின. அவள் எழுந்து உள்ளே போனால் "பீப், பீப்" என்று கூப்பிட்டன.

ஒரு சின்னக் கலயத்தைப் படுக்கைவாட்டில் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கொஞ்சம் தேங்காய் நாரையும் வைத்தாள். கலயத்துக்குள் முட்டைகள் வந்தன.

கத்திரி வெயில் தொடங்கியது. ஒரு மதியம் ஆண் குருவி கலயத்தின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. பேச்சு என்றும் சொல்லலாம், பாட்டு என்றும் சொல்லலாம்.

"யார்கிட்டண்ணே பேசறே?" என்று கிசுகிசுத்தாள் வெயிலாச்சி.

"பிள்ளைங்ககிட்ட. வெளியே வெயில் கடுமையா இருக்கு, அதுக்குத் தக்கபடி உடம்பைச் சின்னதா வெச்சுக்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டிருக்கேன்."

"முட்டைக்குக் காது இருக்கா?"

கலயத்துக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த பெண் குருவி, "கேட்குதோ இல்லையோ, இவருக்குப் பேசாம இருக்க முடியாது" என்றது.

"கேட்கும்" என்றது ஆண் குருவி. "எங்கப்பா பேசினது எனக்குக் கேட்டுச்சு. நாம வர்ற இடத்துல நமக்கு ஆள் இருக்குன்னு தெரிஞ்சது. உன் பிள்ளைகிட்ட நீ என்ன சொல்லுவே?"

வெயிலாச்சி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன தாயி?"

"அசையல" என்றாள். "முந்தாநாள்லேருந்து அசையவே இல்ல. அத்தைகிட்ட சொல்லப் பயமா இருக்கு. சொன்னா அது உண்மையாயிடுமோன்னு இருக்கு."

ஆண் குருவி கீழே பறந்து வந்து அவள் மடிக்கு எதிரே நின்று, தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடியது. அதன் குரல் கீச்சுக் குரல். அவள் கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"நீ கூப்பிடு தாயி. பிள்ளைக்கு உன் குரல்தானே தெரியும்?"

அவள் வாயைத் திறந்தாள். இத்தனை மாதம் அடக்கி வைத்த குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

ஆண் குருவி அறையைச் சுற்றிப் பார்த்தது. மூலையில் ஆள் உயரத்துக்குக் கூடை மேல் கூடையாக வளையல்கள் இருந்தன. வைக்கோல் உருவுவது அதன் குலத்தொழில். ஆனால் சொர்ணத்தம்மாளின் கூடையைத் தொட்டால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும். கலயம் வீதிக்குப் போய்விடும். முட்டைகள் வெயிலில் வெந்துவிடும். அது பெண் குருவியைப் பார்த்தது.

"நமக்கு ஒண்டிக்க இடம் கொடுத்தவ" என்றது பெண் குருவி. "போங்க."

அது பறந்து போய் மேல்கூடையின் வைக்கோலை இழுத்தது. ஒரு கற்றை வந்தது. இன்னொன்றை இழுத்தது. பிறகு ஒரு கொத்தை அலகால் பற்றி, இறக்கையைப் படபடவென்று அடித்து, உயிரைக் கொடுத்து இழுத்தது. கூடை சரிந்தது. சிவப்பும் பச்சையுமாக வளையல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, உருண்டு, மோத, வீடு முழுவதும் கலகலவென்று நிறைந்தது. அந்த வீடு பல மாதமாகக் கேட்காத சத்தம்.

அடுப்படியிலிருந்து சொர்ணத்தம்மாள் ஓடி வந்தாள். சரிந்த கூடையையும், அலகில் வைக்கோலோடு நின்ற குருவியையும் பார்த்தாள். "வீட்டுக்குள்ள விட்டா குடியைக் கெடுக்கும்னு அப்பவே நினைச்சேன்!" என்று கம்பை எடுத்துக் கலயத்தை நோக்கி ஓங்கினாள்.

"அத்தை, தொடாதீங்க!"

சொர்ணத்தம்மாள் திகைத்துப்போய்த் திரும்பினாள். தெருவுக்கே கேட்டிருக்கும் அந்தக் குரல். வெயிலாச்சி அவள் கையைப் பிடித்திழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"முந்தாநாள்லேருந்து அசையல அத்தை. இப்ப உதைக்குது. பாருங்க, பாருங்க."

கம்பு கீழே விழுந்தது. சொர்ணத்தம்மாள் கையை வைத்தபடி நின்றாள். பிறகு குனிந்து ஒரு பிடி வளையலை அள்ளி, மருமகளின் வயிற்றருகே மெல்லக் குலுக்கினாள். உள்ளிருந்து ஓர் உதை வந்தது. மறுபடி குலுக்கினாள். மறுபடி உதை.

"ஏட்டி, இது தூங்கல" என்றாள். "யாராவது பேச மாட்டாங்களான்னு பார்த்துட்டிருந்திருக்கு. நாமதான் ஊமைக் கூட்டமா இருந்துட்டோம்."

கையில் இருந்த வளையல்களை அப்படியே வெயிலாச்சியின் இரண்டு கைகளிலும் அடுக்கினாள். அவள் அடுப்படிக்குப் போனாலும் தண்ணீர் மொண்டாலும் இனிப் பிள்ளைக்குக் கேட்கும்.

வெளியூர் போயிருந்த வள்ளிமுத்து வந்து, "மெதுவா, மெதுவா" என்று உதட்டில் விரலை வைத்தான்.

"வாயைத் திறந்து பேசுலே" என்றாள் அம்மா. "உன் பிள்ளை கேட்டுக்கிட்டிருக்கு."

பிறகு சொர்ணத்தம்மாள் கலயத்தின் கீழே போய் நின்றாள். "உனக்கு என்ன வேணும் சாமி?" என்று கேட்டாள்.

"நான் பட்ட நன்றிக்கடனைத்தான் தீர்த்தேன், ஆத்தா. ஒண்ணும் வேண்டாம்."

"வேண்டாம்னா எப்படி? வளையல்காரங்க வீட்டுக்கு வந்தவங்க வெறுங்கையோட போகக் கூடாது."

"எனக்குக் கையே இல்லையே."

"கழுத்து இருக்குல்ல?"

ஓர் ஈர்க்குச்சியைக் கண்மையில் தோய்த்து எடுத்து வந்தாள். ஆண் குருவி கலயத்தின் விளிம்பில் நின்று கழுத்தை நீட்டியது. "ஆடாதே, கோணிடும்" என்று அதட்டிக்கொண்டே, வளையல் அடுக்கியதுபோல வரிவரியாகக் கழுத்தில் வரைந்தாள். பிறகு பெண் குருவியையும் கூப்பிட்டாள்.

"நான் எழுந்தா அடை கலைஞ்சிடும் ஆத்தா" என்றது அது உள்ளிருந்தே. "அவருக்குப் போட்டது எனக்குப் போட்ட மாதிரிதான். உங்க வீட்டு உப்பைத் தின்னு என் பிள்ளைங்க பிறக்கப் போகுது, அது போதும்."

அன்று முதல்தான் ஆண் குருவிக்கு மட்டும் கழுத்தில் வளையல் கோடுகள் இருக்கின்றன. அன்று முதல்தான் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கை நிறைய வளையல் பூட்டி வளைகாப்பு நடத்துகிறோம், வரப்போகிறவருக்கு இங்கே ஆள் இருக்கிறது என்று தெரியட்டும் என்பதற்காக.