நாற்பத்தொரு கட்டங்கள்

நொய்யல் ஆற்றை ஒட்டி ஒரு சின்ன ஆசிரமம். ஆசிரமம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு கிணறு, ஒரு குரு. அந்தக் குருவிடம் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வாங்கியவர் யாரும் கிடையாது. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சீடர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி சுகந்தி. பதினோரு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மே மாதம் அந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் குருவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, பிள்ளைங்க ரெண்டு பேரையும் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திட்டேனுங்க. இனிமே வீட்டுலயே நானே சொல்லிக் குடுக்கப் போறேனுங்க."

"ஏன் அம்மிணி?"

"பெரியவ நிறைமதிக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வயித்து வலி வந்துருதுங்க. திங்கக்கிழமை ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டா வாந்தி. டாக்டரு எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பாத்துட்டு வயித்துல ஒண்ணுமே இல்லைங்கறாரு."

குரு தலையை ஆட்டினார்.

"பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிட்டு வரப் போறே. நல்லது. நல்லபடியாக் கூட்டிட்டு வா."

சுகந்தி அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் மாதம் வீட்டில் பாடம் தொடங்கியது. தொடக்கம் என்றால் சாதாரணத் தொடக்கம் இல்லை. கூடத்துச் சுவரிலிருந்து டிவி இறங்கியது, கரும்பலகை ஏறியது. பக்கத்திலேயே வண்ண வண்ணமாகக் கால அட்டவணை. பூஜை மணி பள்ளிக்கூட மணியாகிவிட்டதால், சாமி அன்று முதல் மணிச் சத்தம் இல்லாமலே தீபாராதனை வாங்கிக்கொண்டார். காலை ஒன்பதுக்கு வணக்கக் கூட்டம். பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு பேருக்கு என்ன வரிசை என்று யாரும் கேட்கக் கூடாது. அவள் கணவன் குணசேகரன் ஒருநாள் வாயில் பிரஷ்ஷோடு குறுக்கே வந்து மாட்டிக்கொண்டு, வாழ்த்துப் பாட்டு முடியும் வரை நுரையோடு அட்டென்ஷனில் நின்றான்.

அடுத்தது வருகைப் பதிவு.

"நிறைமதி."

"உள்ளேன் மிஸ்."

"அகிலன்."

"உள்ளேன் மிஸ்."

ஆமாம், மிஸ்தான். ஒன்பது மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் அம்மா என்று கூப்பிடக் கூடாது. அது அவள் போட்ட சட்டம். அம்மா என்றால் கொஞ்சுவார்கள், மடியில் வந்து ஏறுவார்கள், பாடம் நடக்காது. சொந்தக்காரர்கள் வேறு, வீட்டில் வைத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறாள் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒரு நாள்கூட வீணாகிவிடக் கூடாது என்பதில் அவள் குறியாக இருந்தாள். பாவம், அவளைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

இப்படியே நாற்பத்தொரு பாட நாட்கள் ஓடின.

ஆகஸ்ட்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுகந்தி குடும்பத்தோடு ஆசிரமத்துக்கு வந்தாள். குணசேகரன் கிணற்றடியில் ஸ்கூட்டரை நிறுத்தி அங்கேயே நின்றுகொண்டான். ஆறு வயது அகிலனின் மோவாயில் பெரிய கட்டு. ஒன்பது வயது நிறைமதி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

குரு முறத்தை மடியில் வைத்துக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"தோத்துட்டேனுங்க ஐயா" என்றாள் சுகந்தி.

"உக்காரு."

"வெள்ளிக்கிழமை இன்டர்வெல்ல இவன் மாடிப்படியில உருண்டுட்டானுங்க."

"வீட்டுல இன்டர்வெல்லா?"

"பத்தே முக்காலுக்குப் பத்து நிமிஷமுங்க. மோவாய் கிழிஞ்சு ரத்தமாக் கொட்டுது. அப்பவும் இவன் 'மிஸ், மிஸ்'னுதான் கத்தறானுங்க. ஓடிப் போயித் தூக்கறேன். என்ற கழுத்தைக் கட்டிப் பிடிச்சுட்டு, 'வலிக்குது மிஸ்'ங்கறான்."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பெரியவளுக்கு மறுபடியும் வயித்து வலி வந்துருச்சுங்க. வேனும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அப்புறம் எப்படிங்க வரும்?"

குரு ஒரு கடலைக்காயை உடைத்தார்.

"பழைய பள்ளிக்கூடத்துல நாளைக்கு வரைக்கும்தான் இடம் வச்சிருப்பாங்களாமுங்க. கொண்டுபோய்த் திரும்பச் சேத்துடட்டுமா? நீங்க சொல்றபடி செய்யறேனுங்க."

"அந்த வருகைப் பதிவேடு இருக்குதா?"

சுகந்திக்கு வெட்கமாகிவிட்டது. இருந்தது. வீட்டுச் சாவியை மறந்தாலும் மறப்பாள், கைப்பையில் பதிவேடு இல்லாமல் அவள் வெளியே கிளம்பியதில்லை. எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டே பெயர்கள். ஆளுக்கு நாற்பத்தொரு கட்டங்கள். அத்தனையிலும் பச்சை மையில் டிக்.

"ஒரு நாள்கூட லீவு இல்லையே!"

"இல்லீங்க" என்றாள். அந்த நிலையிலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

குரு அகிலனைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இன்னிக்கு நீ அட்டென்டன்ஸ் எடுக்கறயா சாமி?"

அகிலன் திரும்பிச் சுகந்தியைப் பார்த்தான். அவள் தலையாட்டிய பிறகே கையை அவிழ்த்தான்.

"யார் பேரைக் கூப்பிடறது?"

"உனக்கு யாரெல்லாம் வந்திருக்கோணுமோ, அவங்க பேரை எழுதிக்கோ. எழுதிட்டுக் கூப்பிடு."

அகிலன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். ஒவ்வொரு எழுத்தும் யானை அளவுக்கு வந்தது. சுகந்தியின் விரல்கள் திருத்தத் துடித்தன. குரு அவள் கையில் ஒரு பிடி கடலைக்காயை வைத்தார். உரிக்கத் தொடங்கினாள்.

எழுதி முடித்ததும் அகிலன் எழுந்து நின்றான். சரியாகச் சுகந்தியைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அக்கா."

"உள்ளேன்" என்றாள் நிறைமதி.

"அப்பா."

"உள்ளேன் சார்!" கிணற்றடியிலிருந்து குணசேகரன் குரல் கொடுத்தான்.

"கருப்பி."

கருப்பி அவர்கள் தெருவில் திரியும் நாய். யார் பதில் சொல்வது என்று தெரியாமல் எல்லாரும் விழித்தார்கள்.

"லொள்" என்றாள் நிறைமதி. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று சுகந்தி எண்ணிப் பார்க்கத் தொடங்கினாள். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த பெயர் வந்துவிட்டது.

"அம்மா."

சுகந்தி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. இத்தனை நாளில் எண்பத்திரண்டு முறை அவள் காதால் கேட்டு டிக் போட்ட சொல்தான்.

அகிலன் இன்னொரு முறை கூப்பிட்டான். பதில் இல்லாததால் பதிவேட்டைக் குனிந்து பார்த்தான். அம்மா என்று எழுதிய வரிசையில் விரலை வைத்து முதல் நாள் வரைக்கும் இழுத்துக்கொண்டே போனான். எல்லாக் கட்டமும் காலி.

"மிஸ்" என்றான் சந்தேகத்தோடு. "அப்பா ஆபீஸ் போயிட்டாரு. கருப்பி தெருவுல இருந்துச்சு. அம்மா இத்தனை நாளா எங்க போயிருந்தாங்கன்னு எழுதறது?"



சுகந்தி கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். கடலைத் தோல் கூடமெல்லாம் சிதறியது.

"உள்ளேன் சாமி" என்றாள். "இங்கதான் இருக்கறேன். உள்ளேன்."

"அப்ப டிக் போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோ."

அவன் போட்ட டிக் கோணலாக வந்து இரண்டு கட்டங்களை அடைத்துக்கொண்டது. அவள் திருத்தவில்லை. நிறைமதி மெதுவாக வந்து அவள் முதுகில் சாய்ந்து, தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, பசிக்குது" என்றாள்.

குரு முறத்தை அவர்கள் பக்கம் நகர்த்தினார். எல்லாரும் உடைத்துத் தின்றார்கள். அகிலன் தோலையும் சேர்த்து மென்றான். அம்மா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

வெயில் ஏறியதும் குணசேகரன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். பிள்ளைகள் ஓடிப் போய் ஏறிக்கொண்டார்கள். சுகந்தி விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். எவ்வளவு ஆனாலும் பதினோரு வருஷ டீச்சர். விடை வாங்காமல் போக மனசு வரவில்லை.

"ஐயா, பழைய பள்ளிக்கூடத்துக்கு நாளைக்குப் போறதா வேண்டாமா, அதை நீங்க சொல்லவே இல்லீங்களே?"

குரு மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"இன்னிக்குத்தானே அம்மிணி வந்து சேர்ந்திருக்கறே. அதுக்குள்ள டி.சி. கேட்டா எப்படி?"