ஒருமனதாக இரண்டு முடிவு

கோயம்புத்தூரில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், மென்பொருள் கம்பெனி ஒன்று இருந்தது. மொத்தம் ஆறு பேர். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளை இருந்திருந்தால்கூட இந்தக் கதை நடந்திருக்காது.

அவர்களுக்கு வாடிக்கையாளரும் ஒரே ஒருவர்தான். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கும் ருக்குமணி அம்மாள். எந்த லாரி வந்தது, எத்தனை மூட்டை இறங்கியது, ஏலம் எடுத்தது யார் என்பதெல்லாம் இவர்கள் எழுதிக் கொடுத்த அப்ளிகேஷனில்தான் ஓடியது. அதற்கு அஸ்திவாரமாக இருந்த ஃபிரேம்வொர்க்குக்குப் பதினெட்டு வயது. அதை உருவாக்கியவர்களே ஆறு வருஷத்துக்கு முன்னால் கைகழுவிவிட்டார்கள். இவர்கள் மட்டும் விடவில்லை. விசுவாசம் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு எதுவும் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை ருக்குமணி அம்மாள் போன் செய்தார்.

“ஏனுங்க மாசிலாமணி, பட்டனை அமுக்கீட்டுப் போயி டீ குடிச்சுட்டு வந்தாலும் ஸ்கிரீன் வர மாட்டேங்குது. வெளிய பதினோரு லாரி நிக்குது. பழசுலயே ஓட்டப் போறீங்களா, புதுசுக்கு மாத்தப் போறீங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லிப்போடுங்க. இல்லீன்னா நான் வேற கம்பெனியப் பாத்துக்கறேன். அதுவரைக்கும் ஆரும் அதைத் தொடாதீங்க. நீங்க தொட்டாத்தான் இன்னும் கெட்டுப்போகுது.”

முதலாளி மாசிலாமணி காலண்டரில் வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டார். அந்த அம்மாள் போய்விட்டால் மாடியைக் காலி செய்துவிட்டு ஆறு பேரும் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை சர்வர் பீப் பீப் என்று கத்தியது. இடம் நிரம்பிவிட்டது. பழைய குப்பையை அழிக்க ஒரு பட்டனை அமுக்கினால் போதும். ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

“தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க,” என்றார் சீனியர் குப்புராஜ்.

“பென்சிலால அமுக்கலாமே?” என்றாள் தமயந்தி.

“அமுக்கலாம். பென்சில் போயி பட்டனைத் தொடுமே?”

மறுக்க முடியாத வாதமாகவே எல்லோருக்கும் பட்டது. மேட்டுப்பாளையத்தில் லாரிகள் இருபத்து மூன்று ஆயின.

புதன்கிழமை மாசிலாமணி எல்லோரையும் உட்காரவைத்தார். அவர் எப்போதோ மூன்று நாள் நிர்வாகப் பயிற்சிக்குப் போய், முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு வாக்கியத்தோடு திரும்பியவர். பழசா புதுசா என்று கையைத் தூக்கச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் மென்பொருள் கம்பெனி கையைத் தூக்கலாமா?

“ஓட்டுப் போட ஒரு அப்ளிகேஷன் எழுதுங்க.”

“எதுல சார் எழுதறது? பழசுலயா, புதுசுலயா?”

“அதைத்தானப்பா முடிவு பண்ணப் போறோம்!”

“அப்ப அதுக்கு மொதல்ல ஒரு ஓட்டு எடுக்கோணும்.”

“எடுக்கலாம். அதுக்கு ஒரு அப்ளிகேஷன் எழுதுங்க.”

இப்படியே மத்தியானம் வரை போனது. கடைசியில் குப்புராஜ் பழசிலேயே ஒன்றை எழுதிவிட்டார். தமயந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பழசுல ஓட்டுப் போட்டா பழசை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் சார்.”

புதுசைப் பற்றி அவள் அரை மணி நேர வீடியோ ஒன்று பார்த்திருந்தாள். அந்தத் தைரியத்தில் அவளும் ஓர் ஓட்டு அப்ளிகேஷன் எழுதினாள். குப்புராஜும் அவர் கட்சிக்காரர் இருவரும் முதலாவதில் ஓட்டுப் போட்டார்கள். தமயந்தியும் அவள் கட்சிக்காரர் ஒருவரும் இரண்டாவதில் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

“ஒருமனதா முடிவாயிருச்சுங்கம்மா!” என்றார் மாசிலாமணி.

“அப்பாடா. பழசா, புதுசா?”

“பழசுல விழுந்த நாலு ஓட்டும் பழசுக்குங்க. புதுசுல விழுந்த மூணு ஓட்டும் புதுசுக்குங்க. ஒருத்தர்கூட மாத்திப் போடலீங்க!”

“நீங்க மொத்தமே ஆறு பேருதானுங்களே?”

“நான் ரெண்டுலயும் போட்டனுங்க. மொதலாளி நடுநிலையா இருக்கோணுமில்லீங்களா?”

ருக்குமணி அம்மாள் போனை வைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் மண்டி வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. இவர்களுக்காக எனக்குத் துளிகூட வருத்தமில்லை. லாரியிலேயே அழுகிப்போன கிழங்கை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆறு பேரும் வழக்கம்போல ஒன்பதரைக்கு வந்து, புகார்கள் வரும் திரையைப் பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. வெள்ளி வரைக்கும் இல்லை.

குப்புராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. “பதினெட்டு வருஷத்துல இப்படி ஒரு வாரத்தைப் பாத்ததில்லீங்க. பழசு தேறிருச்சு சார்!”

தமயந்தியே தோல்வியை ஒப்புக்கொண்டாள். இந்தத் தடவை நிஜமாகவே ஒருமனதாக, பழசிலேயே தொடர்வது என்று முடிவானது. கீழேயிருந்து கேக் வந்தது. மாசிலாமணி கையோடு கடிதம் எழுதினார்:

“மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, தாங்கள் கேட்ட முடிவு தயார். தாங்கள் பயன்படுத்துவதை நிறுத்திய நாளிலிருந்து நமது அப்ளிகேஷன் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. இதே ஒத்துழைப்பைத் தொடர்ந்து தந்தால், இன்னும் பதினெட்டு வருஷம் தாராளமாக ஓடும்.”