மகுடேச ராசாவும் மடிப்பூதங்களும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைக்குப் பேச்சும் ஏரிக்குக் கோபமும் இருந்த நாளில், மூங்கில்துறை என்று ஒரு ராச்சியம் இருந்தது. அந்த ராச்சியத்துக்கு இருந்தது ஒரே ஒரு ஏரி. ஏரி நடுவில் ஒரு கல்தூண், தூணுக்கு அடியில் ஒரு கல்மூடி. அந்த மூடியைத் திருகினால்தான் வயலுக்குத் தண்ணீர் போகும். தண்ணீர் போனால்தான் நாற்று நட முடியும், நாற்று நட்டால்தான் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரியும்.

அந்த மூடிக்கு ஒரு மந்திரம் உண்டு. பட்டம் கட்டிய கை பட்டால்தான் திறக்கும். அதுவும் ஆடிப் பதினெட்டு அன்றைக்குத்தான். அங்கே போய்ச் சேருவதற்கும் ஒரே ஒரு பரிசல்தான், மூங்கிலால் பின்னி எருமைத்தோல் போர்த்திய பழைய பரிசல். வேறு எதில் ஏறிப் போனாலும் ஏரி அதை ஆட்டுக்கல்லில் போட்ட உளுந்து மாதிரி சுற்றி விழுங்கிவிடும். பரிசலில் ராசா ஒருத்தர், துடுப்புப் போடுகிறவர் ஒருத்தர். ராசா ஏறி உட்கார்ந்ததும் விளிம்பு தண்ணீருக்கு மேலே நாலு விரல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பரிசலைக் கரையை விட்டு எடுக்கக் கூடாது. அது அந்த ஊர்க் கட்டுப்பாடு.

அப்போது ராசாவாக இருந்தவர் மகுடேச ராசா. நல்லவர்தான். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அவர் சிரித்தால் கோட்டை வாசலில் நிற்கிற காவல்காரனுக்கும் காரணம் தெரியாமல் சிரிப்பு வரும். ஆனால் காலையில் எழுந்ததும் நெய் வழிகிற பொங்கல், மத்தியானம் மூன்று வகைப் பாயசம், நடுவில் நடுவில் அதிரசம். கட்டிலிலிருந்து ஊஞ்சலுக்குப் போகக்கூடப் பல்லக்கு.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ராசா பரிசலில் ஏறினார். துடுப்புப் போட வந்தவள் மயிலாத்தா. இடுப்பில் இருந்த குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, குனிந்து விரல் வைத்துப் பார்த்தாள். ரெண்டு விரல்தான் தெரிந்தது. கரையில் நின்ற சனம் முழுக்க அவள் முகத்தையே பார்த்தது. நாற்றெல்லாம் காய்கிறதே என்று மனசு கேட்காமல் எடுத்துவிட்டாள். போகும்போது ஒரு கையால் துடுப்பு, ஒரு கையால் செம்பு. உள்ளே வந்த தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே போய், மூடியைத் திறந்துவிட்டு, எப்படியோ உயிரோடு திரும்பி வந்து சேர்ந்தார்கள்.

கரையேறியதும் மயிலாத்தா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "ராசா தப்பா எடுத்துக்கக் கூடாது. அடுத்த ஆடிக்கு இப்படியே வந்தீங்கன்னா என்னால பரிசலை எடுக்க முடியாது. எனக்குப் பாலு குடிக்கிற புள்ள இருக்குது."

ராசாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதாவது, நாலாவது தடவை வைத்த பாயசம் இறங்கவில்லை.

விஷயம் காற்றில் பரவியது. மூன்றாம் நாள் ஈர்க்கன் என்று ஒரு மந்திரவாதி வந்து நின்றான். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி அதற்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி ஆள். கையில் மூடி போட்ட ஒரு ஜாடி. "ஒரு வருஷம் எதுக்கு ராசா? எட்டே நாள் போதும்" என்றான். ராசாவின் இடுப்பில் ஒரு கறுப்பு அரைஞாண் கயிற்றைக் கட்டினான். எட்டு நாளும் கொள்ளு வேகவைத்த தண்ணீர் மட்டும்தான், வேறு ஒன்றும் வாயில் படக்கூடாது என்றான். கூலி என்ன என்று கேட்டதற்கு, "காசா பணமா, உங்க சிரிப்பு மட்டும்" என்று சொல்லி, அதைப் பிடித்து ஜாடியில் போட்டு மூடிக்கொண்டான்.

கயிறு இறுகியதுதான் தாமதம், ராசாவின் மடியில் அதுவரைக்கும் மறைந்திருந்த நாலு பூதங்கள் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன. வெண்ணெய் உருண்டைக்குக் கைகால் முளைத்த மாதிரி இருந்தன. கொழுக்கட்டை மூக்கு, குட்டைக் கால். கயிறு நெரிக்க நெரிக்க, நாலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஓவென்று அழுதுகொண்டு கோட்டையை விட்டு ஓடின. எட்டாம் நாள் ராசா ஈட்டி மாதிரி நின்றார்.

மூங்கில்துறைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். காது குத்தினால் விருந்து, பல் முளைத்தால் விருந்து, பசு கன்று போட்டால் விருந்து. ராசா இளைத்தால் சும்மா விடுவார்களா? ராசா இளைத்ததற்கு ஏழு நாள் விருந்து வைத்தார்கள். எட்டு நாள் பட்டினி கிடந்த ராசா இலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஏழாம் நாள் சாயங்காலம் பூதங்கள் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்து மடியில் ஏறி உட்கார்ந்தன, கூடவே ஒரு தம்பியையும் கூட்டிக்கொண்டு. போனது நாலு, வந்தது அஞ்சு.

ஐப்பசியில் ஈர்க்கன் மறுபடியும் வந்தான். கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டான். இந்தத் தடவை பத்து நாள் வேப்பிலைச் சாறு. கூலி, ராசாவின் தூக்கம். பூதங்கள் அழுதுகொண்டு ஓடின. ராசா இளைத்தார், ஊர் விருந்து வைத்தது. பூதங்கள் ஒரு சித்தப்பாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு வந்தன. போனது அஞ்சு, வந்தது ஏழு.

மார்கழியில் மூன்றாவது முடிச்சு. பன்னிரண்டு நாள் சாப்பாடே கிடையாது, சமையல்கட்டு வாசலில் நின்று வாசனை பிடித்துக்கொள்ளலாம். கூலி, ராசாவின் பொறுமை. சிரிப்பும் தூக்கமும் பொறுமையும் போன ராசா எப்படி இருப்பார்? காற்றடித்தால் காற்றைத் திட்டினார். ஒன்பதாம் நாள் அமைச்சர் நல்லமுத்து ஓலை படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய வெள்ளைத் தலைப்பாகை ராசா கண்ணுக்கு அடுக்கி வைத்த இடியாப்பமாகத் தெரிந்தது. பிடித்து ஒரு கடி கடித்துவிட்டார். பாவம், அமைச்சர் அதற்கப்புறம் எத்தனையோ நாள் பயந்துகொண்டு சபையில் பின்வரிசையில்தான் உட்கார்ந்தார். விரதம் முடிந்தது, விருந்து நடந்தது. போனது ஏழு, வந்தது பத்து.

பத்துப் பூதமும் மடியில் அடைந்து, இடம் போதாமல் ஒன்று கழுத்துக்கடியிலும் ஒன்று முதுகிலும் தொற்றிக்கொண்டன. ராசா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கயிற்றை அவிழ்க்கலாம் என்றால் அவிழவில்லை, அறுக்கலாம் என்றால் அறுபடவில்லை. ஆடிக்கு இன்னும் ஆறே மாதம்.

தை மாதம் மயிலாத்தா கோட்டைக்கு வந்தாள், பரிசலுக்குப் புதுத்தோல் கேட்க. வந்தவள் ராசாவைப் பார்த்துத் திகைத்துப் போனாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தையோ, பூதங்களைப் பார்த்து ஒரே சிரிப்பு, கையை நீட்டி ஒன்றின் மூக்கைப் பிடித்துக்கொண்டது. பூதமும் கோபப்படாமல் மூக்கைக் காட்டிக்கொண்டு நின்றது. குழந்தையிடம் இவ்வளவு சாதுவாக இருக்கிறதே என்று மயிலாத்தாவுக்குத் தோன்றியது. அதுவரைக்கும் யாருமே கேட்காத ஒன்றை அவள் கேட்டாள்.

"ஏன் சாமி, அத்தனை தடவ தொரத்தியும் நீங்க ஏன் திரும்பித் திரும்பி வர்றீங்க?"

மூத்த பூதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க யாருன்னு நினைச்சீங்க? ராசாவைக் காப்பாத்தத்தான் இருக்கோம். பஞ்சம் வந்தா எங்கள வச்சுத்தான் அவரு உயிரோட இருக்கணும். நல்லா ஓடிக்கிட்டிருந்த வீட்ல திடீர்னு அடுப்பு அணைஞ்சா நாங்க என்னத்தை நினைக்கிறது? பஞ்சம் வந்துருச்சுன்னுதானே நினைப்போம். கயிறு நெரிச்சுத் தள்ளுச்சு, ஓடினோம். போன எடத்துல சோறு இறங்குமா? ராசா என்ன ஆனாரோன்னு, ஆள் பத்தாதேன்னு, சொந்தக்காரங்களையும் கூட்டிக்கிட்டு வந்தோம்."

"அடப் பாவிகளா" என்றார் ராசா. அவருக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். சிரிப்பு ஜாடியில் இருந்ததால் இருமல்தான் வந்தது.

மயிலாத்தா கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுக்குப் பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் அழுகிற குழந்தையை மடியிலிருந்து பிடுங்கி எறிந்தால் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்ளும், தானாகத் தூங்கவிட்டால் தானாக இறங்கும் என்பது தெரியும். அதைத்தான் ராசாவிடம் சொன்னாள். மூன்று வேளையும் தவறாமல் சாப்பிடச் சொன்னாள். சாமைச் சோறு, கீரை, பயறு, மோர். வயிறு நிறைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்துவிட வேண்டும். அதிரசத்தை விடவேண்டாம், வெள்ளிக்கிழமைக்கு ஒன்று. பல்லக்கை மட்டும் பரணில் போட்டுவிட்டு, தினமும் ஏரிக்கரை வரைக்கும் நடந்து வரச் சொன்னாள்.

"எத்தனை நாளைக்கு?" என்று ராசா பல்லைக் கடித்தார். பொறுமையும் ஜாடியில் இருந்ததல்லவா?

"இன்னைக்கு ஒரு நாளைக்கு" என்றாள் மயிலாத்தா.

ஒரு நாளைக்குப் பொறுமை எதற்கு? ராசா நடந்தார். மறுநாள் காலையில் ஆள் அனுப்பிக் கேட்டார், இன்றைக்கு என்ன என்று. இன்னைக்கு ஒரு நாளைக்கு என்று பதில் வந்தது. அதற்கடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். அப்புறம் ஆள் அனுப்புவதை விட்டுவிட்டு, அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார்.

முதல் பூதம் இறங்க இருபது நாள் ஆனது. கரையில் ராசா நடந்துகொண்டிருந்தபோது அது ஒரு கொட்டாவி விட்டது. "அடுப்பும் எரியுது, சோறும் வருது. பஞ்சத்தைக் காணோம். குலுக்கின குலுக்கல்ல எனக்கு இடுப்பு வலிக்குது" என்று சொல்லி, வழுக்கி இறங்கி, கரையிலிருந்த புங்கமரத்து நிழலில் படுத்துவிட்டது. அமைச்சர் ஓடிவந்து, விருந்துக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார். ராசா அவரை ஒரு பார்வை பார்த்தார். அமைச்சர் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

மாசி முடியப் போகிற வரைக்கும் வேறு ஒன்றுகூட இறங்கவில்லை. ராசா மண்வெட்டியை எடுத்து ஏரிக்கரையைக் கொத்தினார், கோபத்தில். கொத்தியதால் ரெண்டு பூதம் களைத்து இறங்கியதுதான் மிச்சம். பங்குனியில் ஒன்று, சித்திரையில் ரெண்டு. ஒரு கல்யாண வீட்டில் பந்தியைத் தவிர்க்க முடியாமல் போனது, இறங்கியிருந்ததில் ஒன்று அன்றைக்குத் திரும்ப ஏறிக்கொண்டது. மறுநாள் ராசா எப்போதும் போல நடந்தார், அது எப்போதும் போல இறங்கியது. இப்படியே எட்டு இறங்கிப் புங்கமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து, ராசா நடந்து வருவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆடிப் பதினெட்டு வந்தது. நாற்றங்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஊரே கரையில் நின்றது. ராசா கிரீடம், வாள், கால் தண்டை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, ஒற்றை வேட்டியோடு பரிசலில் ஏறினார். மயிலாத்தா குனிந்து விரல் வைத்தாள். ஒன்று, ரெண்டு, மூன்று. மூன்று விரல்தான். மடியில் இன்னும் ரெண்டு பூதம் பாக்கி, மூத்ததும் அதன் தம்பியும்.

அந்த நேரம் பார்த்து ஈர்க்கன் ஜாடியோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். "ஒரே ஒரு முடிச்சு ராசா. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ரெண்டும் ஓடிடும். கூலியைப் பிறகு பேசிக்கலாம்" என்றான்.

சனம் முழுக்க, போடச் சொல்லுங்க ராசா, போடச் சொல்லுங்க என்றது. அமைச்சரும் அதையே சொன்னார். பொழுது ஏறிக்கொண்டிருந்தது. ராசாவின் கைகூடக் கயிற்றுக்குப் போய்விட்டது. மடியில் ரெண்டு பூதமும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நடுங்கின. அந்த நடுக்கம் ராசாவின் வயிற்றில் தெரிந்தது. இந்த ரெண்டும் அழுதுகொண்டு ஓடினால், மரத்தடியில் நிம்மதியாக இருக்கிற எட்டும் பதறி எழுந்து கூடவே ஓடும். பத்தும் திரும்பி வரும்போது எத்தனை பேரோடு வருமோ?

ராசா பரிசலை விட்டு இறங்கினார். மயிலாத்தாவிடம் கேட்டார், "பொழுது சாயறதுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"நெறைய நேரம் இருக்குது ராசா."

"அப்ப நான் ஒரு நடை நடந்துட்டு வர்றேன். இந்தக் கயிறு எனக்கு வேண்டாம்."

வேண்டாம் என்று மனசாரச் சொன்னதும், எந்தக் கத்திக்கும் அறுபடாத கயிறு, காய்ந்த வாழைநார் மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஈர்க்கன் கையில் ஜாடி படீரென்று உடைந்தது. பொறுமை வந்து ராசாவின் நெஞ்சில் உட்கார்ந்தது. தூக்கம், இப்போது வேண்டாம் என்று கோட்டைக்குப் போய்க் கட்டிலடியில் காத்திருந்தது. கடைசியாகச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷத்துச் சிரிப்பு, மொத்தமாக. அமைச்சரின் தலைப்பாகை, வாசனை விரதம், பூதத்தின் சித்தப்பா, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டே ராசா கரையைச் சுற்றி நடந்தார். கூடவே நடந்த சனமும் சிரித்தது.

மூத்த பூதம் காது கொடுத்துக் கேட்டது. "பஞ்ச காலத்துல எவனும் இப்படிச் சிரிக்க மாட்டான். எறங்குடா தம்பி" என்றது. ரெண்டும் இறங்கி மரத்தடிக்குப் போயின.

ராசா திரும்பப் பரிசலில் ஏறி உட்கார்ந்ததும் மயிலாத்தா மறுபடி விரல் வைத்தாள். நாலு.

துடுப்புத் தண்ணீரில் விழுந்தது, பரிசல் கிளம்பியது. ராசா கல்மூடியில் கை வைத்தார், மூடி திரும்பியது. ஏரி பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓட, ஊர்ப் பிள்ளைகள் அதோடு ஓடினார்கள். ஈர்க்கன் உடைந்த ஜாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, அவசரக்காரர்கள் நிறைய இருக்கிற வேறு ஊரைத் தேடிப் போனான். மயிலாத்தாவுக்கு ஏரிக்கரையின் அதிகாரம் கிடைத்தது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டுதான் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் ராசா நடக்கக் கிளம்பினார். அதான் மூடி திறந்தாயிற்றே என்றார் அமைச்சர். அடுத்த வருஷத்திலிருந்து ஆடியை எடுத்துவிட்டார்களா என்று ராசா கேட்டார். அமைச்சரும் செருப்பை மாட்டிக்கொண்டு கூட நடந்தார்.

தை பிறந்தது, பொங்கல் பொங்கியது. ராசா ஒரு கரண்டி அதிகமாகவே சாப்பிட்டார். மறுநாள் காலையில் கண் விழித்தால் மடியில் மூத்த பூதம், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ராசா கத்தவில்லை, கயிறு தேடவில்லை.

"வந்துட்டியா? சரி, உட்காரு. மோர் குடிச்சிட்டுப் போவோம்" என்றார்.

ரெண்டு பேருமாக ஏரிக்கரைக்குக் கிளம்பினார்கள். அங்கே ராசா நடந்தார், இங்கே என் கதை நின்றது. கேட்ட பிள்ளைகள் எழுந்து ஒரு எட்டு நடந்துவிட்டு வாருங்கள்.