மூன்று மகளிர் நாற்காலிகள்

சுள்ளிக்குடி பேரூராட்சி அலுவலகத்தில் எல்லாரும் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். மூளைக்கு மட்டும்தான் விடுமுறை.

அங்கே ஆண்களுக்குக் கழிப்பறை உண்டு. பெண்களுக்கு இல்லை. அலுவலகத்தின் ஒரே பெண்ணான தட்டச்சர் செண்பகவல்லி பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பார். முடியாவிட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார்.

ஒருநாள் மேலிடத்து உத்தரவு வந்தது: பெண்களைக் கேட்டுத்தான் திட்டம் போட வேண்டும். திட்டக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

குழுவில் இருந்த ஆறு பேரும் ஆண்கள். "பாதிப் பெண்களுக்கு எங்கேய்யா போறது?" என்று கவலைப்பட்டார் செயல் அலுவலர் தணிகாசலம்.

"பஸ்ல என்ன சார் பண்றாங்க?" என்றார் வரி வசூல் வேலாயுதம். "சீட்டுக்கு மேல மகளிர்னு எழுதிடுறாங்க."

"அதுல ஆம்பளைங்களும் உக்காந்து வர்றாங்களே?"

"வரட்டும் சார். சீட்டு மகளிர்தானே?"

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. மூன்று நாற்காலிகளின் சாய்மானத்தில் சிவப்புப் பெயின்டால் 'மகளிர்' என்று எழுதினார்கள். அதில் உட்கார்ந்தவர் பெண் உறுப்பினர் என்று முடிவானது. காய்வதற்குள் வேலாயுதம் சாய்ந்துவிட்டார். எழுத்து சட்டையோடு வந்துவிட்டது.

கூட்டம் தொடங்கியதும் செண்பகவல்லி வாசலில் நின்றார். "சார், என்னையும் கேப்பீங்கன்னு சொன்னாங்க."

"மகளிர் இடம் நிரம்பிடுச்சும்மா," என்றார் தணிகாசலம்.

வேலாயுதம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஆம்பளைங்க பேசிக்கிட்டிருக்கோம்ல, நீங்க சும்மா இருங்கம்மா," என்று எழுதாத நாற்காலிக்காரர்கள் வேலாயுதத்தை அடக்கினார்கள். பிறகு அவரையே டீ வாங்கிவர அனுப்பினார்கள். வாங்கி வந்தார். ஊற்றிக் கொடுத்ததில் அவருக்கு மிஞ்சவில்லை.

வேலாயுதம் மேஜையைத் தட்டினார். "பொம்பளைங்கன்னா இளக்காரமா? எங்களுக்கு இங்க ஒரு கழிப்பறை உண்டா?"

மற்ற இரு மகளிரும் கைதட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது. கழிப்பறையும் எழுந்தது.

திறப்பு நாளில் செண்பகவல்லி ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஆசையாகக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போனால், வாசலில் மூன்று பேர் வரிசை. முன்னால் நின்றவர் முதுகில் சிவப்பு எழுத்து.

"வேலாயுதம் சார், இது பொம்பளைங்களுக்கு."

"ஆமாம்மா. நாங்க போராடி வாங்கினது. பின்னாடி வாங்க."

செண்பகவல்லி ஒரு கணம் யோசித்தார். நேரே கூட்ட அறைக்குப் போய், எதுவும் எழுதாத நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து எழுந்தார். அங்கிருந்து, அறைக்கு நேர் எதிரே இருந்த ஆண்கள் கழிப்பறைக்கு நடந்தார்.

கதவில் கை வைத்திருந்த தணிகாசலம் திடுக்கிட்டார். "எங்கம்மா வர்றீங்க?"

"எந்த நாற்காலியிலேர்ந்து வர்றேன்னு பாத்தீங்கல்ல?"

தணிகாசலம் நாற்காலியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

"மன்னிக்கணும். நீங்க முதல்ல போங்க, சார்."