சுவரில் நின்றவனுக்கு மரண தண்டனை

முன்னொரு காலத்தில், எந்த நாட்டில் என்று மட்டும் கேட்காதீர்கள், விசயமாறன் என்றொரு மன்னர் இருந்தார். சந்தேகம் என்றால் அப்படியொரு சந்தேகம் அவருக்கு. மூன்று பேர் ருசி பார்த்த சோற்றையும், மூவரும் கூட்டுச் சேர்ந்திருப்பார்களோ என்று முறைத்துக்கொண்டிருப்பார்.

அவர் புதிதாகக் கட்டிய கொலுமண்டபத்தின் சுவரில் பெரிய சித்திரம் எழுதச் சொன்னார். நடுவில் மன்னர், அவருக்குப் பின்னால் அரண்மனை விகடகவி சடையன், கையில் வெற்றிலைப் பெட்டியோடு. இதில் தலைமை மந்திரியான பிரதானி ஆவுடையப்பருக்கு ஒரே வயிற்றெரிச்சல். அந்த இடம் தமக்குத்தான் என்று மாமனார் வீடு வரை சொல்லி வைத்திருந்தார், பாவம்.

சித்திரகாரர் வேலையை முடித்துத் தம் ஊருக்குப் போய்விட்டார். சுவர் காயட்டும் என்று மண்டபத்தைப் பூட்டிப் பிரதானியே காவல் போட்டார். பிறகு ஒரு நல்ல நாளில் சடையன் உள்ளிட்ட சபையோர் புடைசூழ மன்னர் உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுவரில் இருந்த சடையன் கையில் வெற்றிலைப் பெட்டியைக் காணோம். நீளமாய் ஒரு குறுவாள் இருந்தது. அதன் முனை மன்னரின் பிடரிக்கு நேராக நின்றது.

"சித்திரகாரர்கள் கண்டதைத்தான் எழுதுவார்கள், மகாராஜா" என்றார் பிரதானி, மெதுவாக. "இந்தச் சடையன் சித்திரகாரருக்கு எதிரே எத்தனை நாள் நின்றான்! மனத்தில் இருந்தது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது."

மன்னருக்கு அது போதாதா? சுவரை நோக்கிக் கையை நீட்டினார்.

"வாளோடு நிற்கும் அவனுடைய தலையை இன்றே வாங்குங்கள்!"

சடையன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டான். யார் செய்த வேலை இது? பிரதானியா? காவல்காரர்களா? அல்லது தன்னைச் சோதிக்க மன்னரே எழுதச் சொன்னாரா? மன்னரை ஓரக்கண்ணால் பார்த்தான். அவரும் அவனை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோய்ச் சுவரைப் பார்த்தான். சித்திரம் முழுக்க மினுமினுத்தது. குறுவாள் மட்டும் மங்கிக் கிடந்தது.

ஈரச் சுண்ணாம்பில் எழுதினால் சுவர் வண்ணத்தைக் குடித்துவிடும், காய்ந்த சுவரில் எழுதினால் வண்ணம் மேலேதான் நிற்கும் என்று சித்திரகாரர் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. போன உயிர் பாதி திரும்பியது.

"உத்தரவு, மகாராஜா. தண்டனை சுவரில் நிற்பவனுக்குத்தானே?"

"அவனுக்கேதான். அவன் வேறு, நீ வேறா?"

"அதைப் பிறகு பார்க்கலாம். தலையை வாங்கும் முன் குற்றவாளியைக் குளிப்பாட்டுவது நம் நாட்டு வழக்கம். அவனை யாரும் இன்னும் குளிப்பாட்டவில்லையே?"

சபையில் சிலர் சிரித்தார்கள். மன்னர் சிரிக்கவில்லை. ஆனால் வழக்கம் வழக்கம்தான். தண்ணீர்க் குடமும் துணியும் வந்தன.

பிரதானி பதறி முன்னால் வந்தார். "தண்ணீர் பட்டால் சித்திரம் கெட்டுவிடும்! சாஸ்திரத்துக்கு முகத்தில் நாலு துளி தெளித்தால் போதும். கைப்பக்கம் வேண்டாம்."

மன்னர் சட்டென்று திரும்பினார்.

"முகம் நனையலாம், கை நனையக் கூடாதா? ஏன் ஆவுடையப்பரே?"

பிரதானி ஓரடி பின்வாங்கினார்.

"கையைத் தேய்!" என்று கத்தினார் மன்னர்.

பணியாள் தேய்த்தான். குறுவாள் கரைந்து கறுப்பாய் வழிந்தது. மற்ற வண்ணம் ஒரு பொட்டுக்கூட அசையவில்லை.

"சாமி, உள்ள வெத்தலப் பொட்டி தெரியுதுங்க!" என்று கூவினான் பணியாள்.

பிரதானி தரையில் விழுந்தார். ஆள் வைத்து எழுதியதை அவர் வாயாலேயே சொன்னார். காவலர்கள் அவரை வெளியே கொண்டுபோனார்கள். அவர் வாசலைத் தாண்டும் வரை மன்னர் கண்ணை எடுக்கவில்லை.

"சடையா, என்ன வேண்டும், கேள்" என்றார் பிறகு.

"சித்திரத்தில் என்னைத் தங்களுக்கு எதிரே மாற்றி எழுதச் சொல்லுங்கள், மகாராஜா."

"நல்லது. உன் கை எப்போதும் என் கண்ணில் படும்."

"அதற்கல்ல. தங்கள் கை என் கண்ணில் பட வேண்டும்."

மன்னர் ஒரு கணம் விழித்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையனுக்குப் போடக் கையை நீட்டினார்.

சடையன் மாலையை வாங்கி முன்னும் பின்னும் நன்றாகப் பார்த்தான். பார்த்த பிறகே கழுத்தில் போட்டுக்கொண்டான்.