சந்தனமாரி திருப்பிக் கொடுத்த சைக்கிள்

உங்கள் கையாலேயே ஆசை ஆசையாகச் செய்த ஒரு பொருளை, ‘இது திருட்டுச் சாமான்’ என்று நாலு பேர் முன்னால் ஒருவர் சொன்னால், சட்டென்று உண்மையைச் சொல்லிவிடுவீர்களா? ‘இதில் யோசிக்க என்ன இருக்கிறது’ என்கிறீர்கள். சந்தனமாரியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவள் அப்பா சைக்கிள் கடைக்காரர். சக்கரத்தில் கோட்டம் எடுப்பது அவளுக்குத் தோசை சுடுகிற மாதிரி. கல்யாணமாகி வந்த ஊரிலோ பள்ளிக்கூடம் தூரம். மகள் முத்தரசியை இடுப்பில் தூக்கி நடந்து அலுத்துப்போய், ‘நமக்கு நாமே ஒரு வண்டி பூட்டிக்கொண்டால் என்ன’ என்று இறங்கிவிட்டாள்.

சேர்மக்கனி அண்ணாச்சியின் பழைய இரும்புக் கடையில், அந்தக் காலத்துச் சைக்கிள் ஒன்றின் மற்றதெல்லாம் கழற்றி விற்றதுபோக, வெறும் ஃபிரேமும் முன்சக்கரம் மாட்டுகிற ஃபோர்க்கும் கிடந்தன. தூக்கிப் பார்த்தாள், நல்ல கனம். வாங்கிக்கொண்டாள். சக்கரங்கள் ஒரு பால்காரரின் நொறுங்கிய வண்டியிலிருந்து வந்தன. எலி கடித்துக் கிடந்த தோல் சீட்டைக் கோணி ஊசியால் தைத்துப் போட்டாள். சேலை கட்டி ஏறத் தோதாக, குறுக்குப் பாரை வெல்டிங் கடையில் அறுத்துத் தாழ இறக்கிப் பற்றவைத்தாள். முன்னால் பிள்ளைக்கு ஒரு கூடைச் சீட்டு. கதவுக்கு அடித்து மிஞ்சிய கிளிப்பச்சைப் பெயிண்டை இரண்டு தடவை பூசியதும், வண்டி புதுமாப்பிள்ளை கணக்காக நின்றது.

முதல் சவாரி ரேஷன் கடைக்கு.

“ஏளா, எந்தக் கம்பெனி வண்டி?” என்று வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“சந்தனமாரி கம்பெனி.”

சொல்லி வாய் மூடவில்லை. கடைக்கு வந்துகொண்டிருந்த சுடலையாண்டிப் பெரியவர் நிறுத்தியிருந்த வண்டியில் முட்டிக்கொண்டார். விழாமலிருக்க ஃபோர்க்கைப் பிடித்தவர், பிடித்த கையை எடுக்கவில்லை. பித்தளை வைத்து ஒட்டிய பழைய தழும்பு ஒன்று அதில் இருந்தது. அதையே விரலால் மறுபடி மறுபடி தடவினார்.

“இது என் வண்டி. தொழுவத்துல நின்ன வண்டி. இந்த ஒட்டு நான் நின்னு வைக்கச் சொன்னது. கறுப்புப் பெயிண்டுகூட உரியல, அதுக்குள்ள எவ இதைத் திருடிட்டு வந்தது?”

வரிசை கலைந்து சந்தனமாரியைச் சுற்றி நின்றது.

“பெரியப்பா, நான் திருடல...” என்றவள் அண்ணாச்சியைத் தேடினாள். அவரும் வரிசையில்தான் நின்றார். ‘நான்தான் விற்றேன்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ தரையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பெரியவரின் மருமகள் பேச்சி. கண்ணில் நீர் முட்ட, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பேச்சியின் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர் அந்தச் சைக்கிளில் போய் இரண்டு தடவை விழுந்திருந்தார். ஒரு தடவை வாய்க்காலில். இன்னொரு தடவை லாரிக்கு முன்னால். வீட்டில் கேட்டால், வரப்பில் வழுக்கிவிட்டது என்பார். மகன் கேரளாவில் வேலையில் இருந்தான். மாமனாரிடம் ‘ஓட்டாதீர்கள்’ என்று சொல்லப் பேச்சிக்கு வாய் வரவில்லை. ஒரு மத்தியானம் வண்டியை அண்ணாச்சி கடையில் தள்ளிவிட்டு, “நான் குடுத்தேன்னு உயிர் போனாலும் சொல்லிராதீக” என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, வண்டியைக் காணோம் என்றாள்.

இவ்வளவும் சந்தனமாரிக்குத் தெரியாது. ஆனால் இது ஒரு வீட்டுக்குள் இருக்கவேண்டிய சங்கதி என்பது பேச்சியின் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

“கம்பெனி முதலாளியம்மா வாயைத் திறக்கக் காணோமே,” என்றது ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.

கூடைச் சீட்டிலிருந்து முத்தரசி கேட்டாள்: “அம்மா, நீ எடுத்தியா?”

சந்தனமாரிக்குக் காது மடல் கொதித்தது. பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள், அதன் முகத்தைப் பார்க்காமலிருக்க.

“தெரியாம எடுத்துட்டேன், பெரியப்பா. உங்க வண்டிய நீங்களே வச்சுக்கோங்க.”

ஹேண்டில்பாரை அவர் கையில் கொடுத்துவிட்டு, சீனிகூட வாங்காமல் நடந்தாள். பெரியவர் அங்கேயே ஏறி மிதித்தார். வண்டி தார் ரோட்டுப் பக்கம் திரும்பியது.

மாமனார் உயிருக்குப் பயந்து பொய் சொன்னாள் பேச்சி. கொடுத்த வாக்கு தவறாமல் நின்றார் அண்ணாச்சி. அடுத்த வீட்டு மானத்துக்காகத் தன் மானத்தை விட்டாள் சந்தனமாரி. இந்த மூவரில் யார் செய்தது சரி? அடுப்பைக் கொஞ்சம் அணைத்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள்.

சந்தனமாரி என்றுதான் பலரும் சொல்வீர்கள். ஆனால் கிளிப்பச்சை வண்டியைப் பிடித்துக்கொண்டு ‘கறுப்பு’ என்றாரே பெரியவர், அதைக் கவனித்தீர்களா? பட்டப்பகலில், நிற்கிற வண்டியில் வந்து முட்டினாரே? அந்தக் ‘கறுப்பு’ சந்தனமாரி காதிலும் விழுந்தது. வெட்கத்தில் புத்தியில் ஏறவில்லை. அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று, பார்வை மங்கிய மனிதர் கையில் வண்டியைக் கொடுத்தாள். ஆகவே அங்கே மூவர் செய்ததும் சரியில்லை. ஒவ்வொருவரும் ஒன்றைக் காத்தார்கள். கண்ணை இழந்துகொண்டிருந்தவரிடம் மட்டும் யாரும் உண்மை பேசவில்லை. சரியான காரியம் அதற்குப் பிறகுதான் நடந்தது. பாதி வழியில் அந்தக் ‘கறுப்பு’ உறைத்து சந்தனமாரி திரும்பி ஓடியபோது, பெரியவர் ரோட்டோரப் பள்ளத்தில் வண்டியோடு கிடந்தார். சிராய்ப்புதான். முன்னாலேயே ஓடி வந்திருந்த பேச்சி அவரைத் தூக்கி உட்காரவைத்து, “நான்தான் மாமா வண்டியக் கடையில போட்டேன். உங்களுக்குக் கண்ணு தெரியல மாமா. எனக்குச் சொல்லப் பயமா இருந்துச்சு,” என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். பெரியவர் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு சந்தனமாரி நின்ற பக்கம் தோராயமாகத் திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினார்.

“தாயி, ரேஷன் கடையில கூட்டம் கலையறதுக்குள்ள, என் கையைப் பிடிச்சு அங்க கூட்டிட்டுப் போ.”